மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படிகள்

வருகிற ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் மீண்டும் திருமலைக்குப் பாத யாத்திரை செல்லலாம் என்று செயற்குழுவில் பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மிகவும் மகிழ்ச்சி. மும்பையில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நம் குடும்பங்கள் மூன்று நாள் ஒன்றாக இருப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆகவே யாத்திரை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம்தான். அறிவிப்பை வழக்கம்போல டிசம்பர் நடுவில் வெளியிடாதீர்கள். செப்டம்பரிலேயே வெளியிடுங்கள்.

ஏன் என்று விளக்க, வீட்டு விஷயம் ஒன்றை வெளியே சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரி யாத்திரையில் நாங்கள் இருவரும் வந்திருந்தோம். டிசம்பர் கடைசியில் பெயர் கொடுத்தோம். நடுவே இருந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்த ஒரே ஏற்பாடு, புதிதாக இரண்டு துணிப்பை வாங்கியதுதான். ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, ரேணிகுண்டாவில் இறங்கி, திருப்பதியில் அறைக்குப் போய்ப் படுக்கும்போது இரவு பன்னிரண்டு மணி. விடியற்காலை நான்கு மணிக்கு அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். காபிகூடக் குடிக்கவில்லை. வெறும் வயிற்றில் ஏறுவதுதான் முறை என்று யாரோ சொன்னார்கள்.

அலிபிரிப் பாதையில் மொத்தம் சுமார் 3,550 படிகள். தூரம் 9 கிலோமீட்டர். போய் வந்தவர்களுக்குத் தெரியும், முதல் பகுதிதான் செங்குத்து. காலி கோபுரம் வரும்வரை படி, படி, படிதான். அதற்குப் பிறகு நெடுந்தூரம் சமதளமாக இருக்கும். கடைசியில் முழங்கால் முறிச்சான் மறுபடி சோதிக்கும். அதாவது உடம்பு இன்னும் சூடேறாத நேரத்தில், தூக்கம் இல்லாத கண்ணோடு, மிகக் கடினமான பகுதியை முதலிலேயே ஏறுகிறோம். போதாக்குறைக்கு நம் இளைஞர்கள் இரண்டு பேர், "காலி கோபுரத்துக்கு முதலில் வருகிறவர்களுக்கு மசால் தோசை" என்று பந்தயம் வேறு கட்டினார்கள். என் கணவருக்கு அப்போது 59 வயது. அவரும் பந்தயத்தில் சேர்ந்துகொண்டார்.

ஆயிரம் படிகூடத் தாண்டியிருக்க மாட்டோம். ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். ஜனவரிக் குளிரில் சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. தாடை இழுக்கிறது என்றார். "வாயுதான், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று அவரே சொன்னார். எல்லோரும் நின்று பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் எழுந்து இன்னும் இருபது படி ஏறினார். நானும், "மெதுவாக வாருங்கள், அவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்" என்றுதான் சொன்னேனே தவிர, "போதும், உட்காருங்கள்" என்று சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நம் குழுவில் வந்த ஒரு கல்லூரி மாணவன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இனி ஒரு படி நீங்கள் ஏறக்கூடாது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான். வயதில் சிறியவன் அதட்டிய அதட்டல்தான் அன்று அவரைக் காப்பாற்றியது. மாரடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து மும்பை திரும்பினோம்.

"பெருமாள் காப்பாற்றினார்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அதே பெருமாள் அதற்கு முன் எத்தனையோ மாதங்களை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதை நாங்கள் உபயோகிக்கவில்லை என்பதும் உண்மை.

"அந்தக் காலத்தில் நம் தாத்தா பாட்டியெல்லாம் எந்தப் பயிற்சி எடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தினமும் எடுத்தார்கள். கிணற்றடியிலும் வயலிலும் சந்தைக்குப் போகும் வழியிலும் வருடம் பூராவும் பயிற்சிதான். நாம் நாற்காலியில் எட்டு மணி நேரம், லோக்கல் ரயிலில் இரண்டு மணி நேரம் என்று வாழ்கிறோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் நடத்தி 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டவருக்கு அது கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்துகிறோம். 2024இல் தேவஸ்தானமே, 60 வயது கடந்தவர்களும் இதய நோய், ஆஸ்துமா போன்றவை உள்ளவர்களும் நடந்து ஏறுவதைத் தவிர்ப்பது நல்லது என்று அறிவுறுத்தியது. நம் யாத்திரைப் பட்டியலில் பாதிப் பேர் அந்த வயதை ஒட்டியவர்கள்தாம்.

ஊர் திரும்பியதும் இவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், மறுபடி அந்த மலையை ஏற முடியுமா?" என்பது. டாக்டர் சிரித்துவிட்டு, "ஏறலாம், அவசரப்படாவிட்டால்" என்றார். அந்த அவசரப்படாமை என்றால் என்ன என்பதை அடுத்த ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தாக்குப்பிடிக்கும் சக்தி என்பது ஒரே பொருள் அல்ல. உடம்பில் பல பாகங்கள் தனித்தனியே தயாராக வேண்டும். அவை ஒரே வேகத்தில் தயாராவதில்லை. நடக்க ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. இரண்டு மாதத்துக்குள் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகி, மூச்சு வாங்குவது கண்கூடாகக் குறைகிறது. ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாண்களும், பாதத்தின் அடியில் இருக்கும் சவ்வும், எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பலப்படுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் வேண்டும். எலும்பின் ஒரு சிறு பகுதி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே மூன்று நான்கு மாதம் ஆகும்.

தளம் போட்ட மறுநாள் மேலே பார்த்தால் கான்கிரீட் இறுகிவிட்டது போலத்தான் தெரியும். அதற்காகக் கொத்தனார் சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிடுவதில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே நாட்கணக்கில் காத்திருப்பார். நம் உடம்பிலும் மூச்சு சரியாகிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் அந்த இரண்டாவது மூன்றாவது மாதம்தான் ஆபத்தான காலம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் குதிகால் சொல்லிக்கொடுத்தது.

நடந்தது இதுதான். இவருக்கு முதல் எட்டு மாதம் சமதளத்தில் நடை மட்டுமே. ஆரம்பத்தில் கட்டட வளாகத்துக்குள் பத்து நிமிஷம். பிறகு செம்பூர் டயமண்ட் கார்டனில் அரை மணி. பிறகு முக்கால் மணி. டிரெட்மில் பரிசோதனை செய்து டாக்டர் சரி என்ற பிறகே, செப்டம்பரில் படி ஏற ஆரம்பித்தார். எங்கள் கட்டடத்தில் ஏழு மாடி. மாடிக்குப் பதினெட்டுப் படி. கணக்குப் போட்டுப் பார்த்தால் 28 முறை மேலே போனால் கிட்டத்தட்ட ஒரு திருமலை! முதல் வாரம் இரண்டு சுற்று மட்டும். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். இறங்கும்போதுதான் முழங்காலுக்கும் தொடைக்கும் அடி அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள் படி. அடுத்தடுத்த நாட்களில் கிடையாது. மற்ற நாட்களில் நடை. வாரம் ஒரு சுற்றுக்கு மேல் கூட்டுவதில்லை. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள்வார். உடம்பு பலப்படுவது உழைக்கும்போது அல்ல, உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும்போது என்று டாக்டர் சொன்னாராம்.

துணைக்கு நானும் ஏறினேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை. இரண்டே மாதத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. இவர் நிதானமாக ஏறுவதைப் பார்த்து எனக்குப் பொறுமை போயிற்று. தீபாவளிக்குப் பட்சணம் செய்ததில் பத்து நாள் விட்டுப்போயிருந்தது. அதை ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து சுற்றிலிருந்து ஒரேயடியாகப் பத்து சுற்றுக்குத் தாவினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் காலை கட்டிலை விட்டுக் காலைத் தரையில் வைத்தேன். குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலி. ஆறு வாரம் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இதய நோயாளி ஏறிக்கொண்டே இருந்தார். ஆரோக்கியமானவள் உட்கார்ந்துவிட்டேன்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது வேதவாக்கு அல்ல. நெதர்லாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஓட ஆரம்பித்தவர்களில் ஒரு பிரிவினர் இந்த விதிப்படியும் இன்னொரு பிரிவினர் சற்று வேகமான திட்டப்படியும் பயிற்சி எடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. ஆனால் 5,200 ஓட்டக்காரர்களைக் கவனித்து 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டி ஓடியவர்களுக்குக் காயம் அதிகம். வாரக் கணக்கைவிட அந்த ஒரு நாள் தாவல்தான் முக்கியம். ஓட்டத்தைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், என் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படியே பொருந்துகிறது. விட்டுப்போன நாட்களை ஒரே நாளில் ஈடுகட்ட முடியாது. விட்ட இடத்துக்கும் சற்றுக் கீழேயிருந்து தொடங்குவதுதான் வழி.

எவ்வளவு வேகம் சரி என்பதற்கு இவர் வைத்திருந்த அளவுகோல் மிகச் சுலபமானது. ஏறும்போது பாட்டுப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம். பாட முடியாது, ஆனால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது என்றால் அதுவே சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் நின்றுவிட வேண்டும். கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் காட்டுகிறதே என்பார்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் ஏமாற்றும். மாத்திரையே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். பேச்சு ஏமாற்றாது.

நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அன்றைய அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். இரண்டாவது, வெறுங்கால். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. வேண்டுதல் இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "காலை ஐந்து மணியிலிருந்து நிற்காமல் வேலை செய்கிறேன், எனக்கெதற்கு நடை?" என்று நானும் கேட்டவள்தான். வீட்டு வேலை அலுப்பைத் தரும். ஆனால் தொடர்ந்து அரை மணி நேரம் மூச்சைச் சற்று ஏற்றி வைப்பது அதில் அநேகமாக நடப்பதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்காமல் நடப்பதே ஒரு தொடக்கம். இன்னொன்று: மாரடைப்பு வரும்போது பெண்களுக்கு நெஞ்சுவலிக்குப் பதில் காரணமில்லாத அசதி, மூச்சுத்திணறல், மேல்வயிற்று வலி, முதுகு வலி என்று வரலாம். "அலுப்பாக இருக்கிறது" என்று ஒரு பெண் படியில் உட்கார்ந்தால் அதைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி செயற்குழுவுக்கு என் யோசனைகள்.

முதலாவது, முன்பே சொன்னதுபோல் அறிவிப்பு செப்டம்பரில் வர வேண்டும். அப்போதிருந்து ஜனவரி கடைசிவரை இருபது வாரம் கிடைக்கும். பெயர் கொடுக்கும்போதே, நாற்பது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்களும் ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்று குறிப்பிடலாம்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அந்தந்தப் பகுதிக்காரர்கள் ஒன்றாக நடக்கலாம். செம்பூருக்கு ஒரு குழு, மாட்டுங்காவுக்கு ஒன்று, முலுண்டுக்கு ஒன்று, டோம்பிவிலிக்கு ஒன்று. மழை விடாத நாளில் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. குழுவின் வேகம், அதில் மிக மெதுவாக நடப்பவருடைய வேகமாக இருக்கட்டும்.

மூன்றாவது, மலையில் பந்தயம் வேண்டாம். மசால் தோசையை எல்லோருக்குமே வாங்கிக் கொடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்புவதும் வேண்டாம். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி, ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் கடைசியில் ஒருவர் வர வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தி உதவிக்கு ஆள் அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், அவர் கல்லூரி மாணவராகவே இருந்தாலும்.

நான்காவது, பஸ்ஸில் மேலே வருகிறவர்களை யாரும் குறைவாகப் பேசக்கூடாது. இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

இந்த ஆண்டு பிப்ரவரியில் இவர் மலை ஏறினார். சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் மகன் மட்டும் கூடப் போனான். அதற்குள் வீட்டில் பதினான்கு சுற்று வரை வந்திருந்தார். அது பாதித் திருமலைதான். மலையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம் என்பதால் அது போதும் என்றார் டாக்டர். காலை ஐந்து மணிக்கு அவர்களை அலிபிரியில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் மேலே போனேன். குதிகால் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. ஏறியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னொரு ஆறு வாரம் போயிருக்கும்.

படிப்பாதை முடியும் இடத்தில் ஒரு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் வந்தார்கள். சின்னப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஒரு பாட்டி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே வந்தாள். பதினொன்றரை மணிக்கு இவர் தலை தெரிந்தது. ஆறரை மணி நேரம். மகனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், முழு வாக்கியமாக. அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

இந்த முறை பட்டியலில் என் பெயரையும் "நடந்து" என்ற பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.